பழைய வால்வோ பென்டாவுக்கு மைக்ரோஸ்குவிர்ட்: மூளை நல்ல மூளைதான், படகு கார் அல்ல

மைக்ரோஸ்குவிர்ட் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஈ.சி.யூ., அதாவது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கும் கணினி. புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவிர்ட் குடும்பத்தின் கடைக்குட்டி. கார்புரேட்டர் இன்ஜினை இன்ஜெக்ஷனுக்கு மாற்றப் பார்க்கிறவர்கள் காரில் போட்டுப் பழகிய பெட்டி இது. இங்கே பார்க்கப்போவது அதைப் படகில் போடுவது: வால்வோ பென்டா ஏ.க்யூ.131 இன்ஜின், சோலெக்ஸ் கார்புரேட்டர், ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் படகுக்குள், புரொப்பெல்லர் பின்புறம் வெளியே). பினாங்கில் பத்து மாவுங் பக்கமோ ஸ்ட்ரெயிட்ஸ் கீயிலோ இப்படி ஒரு படகை வைத்திருப்பவருக்குப் பெட்டியின் விலை பெரிய கவலை இல்லை. பம்பு, ஹோஸ், மரீன் வயர், லேத் வேலை எல்லாம் சேர்ந்தால் பெட்டியை மிஞ்சிவிடும். பம்பிலும் ஹோஸிலும் கஞ்சத்தனம் செய்து பெட்டியில் பணத்தைக் கொட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்ஜெக்ஷன் போட்டால் படகு வேகமாக ஓடாது. மேல் வேகத்தைத் தீர்மானிப்பது புரொப்பெல்லரும் படகின் எடையும். கிடைக்கிற லாபம் வேறு. மங்கி பீச்சில் நங்கூரம் போட்டு இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால், சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து இன்ஜின் மூச்சுத் திணறும். இன்ஜெக்ஷனில் அந்தத் தொல்லை தீரும். நாலைந்து பேரோடு பிளேனிங்குக்கு (படகு எழும்பி நீர்மேல் வழுக்கி ஓடும் நிலைக்கு) ஏறும்போது வரும் அந்த முக்கல் குறையும். இந்த இரண்டு தொல்லையும் இல்லை, வெறும் அழுக்கால்தான் ஓட்டம் சரியில்லை என்றால், சோலெக்ஸைக் கழற்றிக் கழுவி கேஸ்கெட் மாற்றுங்கள். ஒரு சனிக்கிழமையோடு வேலை முடிந்தது.

ஏ.க்யூ.131 இதற்கு வாகான இன்ஜின். அடிப்படை வால்வோவின் பி230: போர் 96 மி.மீ., ஸ்ட்ரோக் 80 மி.மீ., 2316 சி.சி., எரியும் வரிசை 1-3-4-2. அதே குடும்ப இன்ஜின்தான் 240, 740, 940 கார்களில் இன்ஜெக்ஷனோடு வந்தது. ஷா ஆலாம் ஆலையில் வால்வோ பொருத்திய நாட்டில் இந்தக் கார்களின் மேனிஃபோல்டைத் தேடுவது குதிரைக்கொம்பு அல்ல. பிறை, சிம்பாங் அம்பாட் பக்கத்து ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகம் விற்கும்) கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கடை முதலாளி தவுக்கேயிடம் "வால்வோ மேனிஃபோல்ட்" என்று மட்டும் சொன்னால் பதினாறு வால்வுக்கானதை எடுத்து நீட்டினாலும் நீட்டுவார். எட்டு வால்வு, இன்ஜெக்டர் ரெயிலோடு, திராட்டில் பாடியோடு என்று சொல்லி வாங்குங்கள்.

வாங்கியதும் பூட்டிவிடாதீர்கள். கேஸ்கெட்டை ஹெட்டின் மேல் வைத்து, இன்ஜெக்டர் தெளிக்கும் இடத்தில் போர்ட்டின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்காக வந்த ஹெட்டில் அது இல்லாவிட்டால் தெளிப்பு நேராக உலோகத்தில் மோதி, துளியாகத் திரண்டு வழியும். ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் ஈரமாகவும் அடுத்தது வறண்டும் ஓடும். ஈ.சி.யூ.வில் எவ்வளவு டியூன் செய்தாலும் இது தீராது. ஹெட்டைக் கழற்றி, வெட்டைத் தேய்த்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்த சிக்கல் திராட்டில் பாடியில் இருக்கிறது. அந்தக் கார்களின் போஷ் எல்.ஹெச். இன்ஜெக்ஷன் அமைப்பில் வந்தது பொசிஷன் சென்சார் அல்ல. ஐடில், முழுத் திறப்பு இரண்டை மட்டும் சொல்லும் சுவிட்ச். மைக்ரோஸ்குவிர்ட்டுக்குத் திறப்பின் ஒவ்வொரு அளவும் வேண்டும். மூன்று வயர் பொட்டென்ஷியோமீட்டர் வகை சென்சார் ஒன்றை அதே தண்டில் பூட்ட அடாப்டர் செய்ய வேண்டும். தண்டு முனையின் வடிவத்தை அளந்துகொண்டு போனால் லேத்காரருக்கு அரை மணி வேலை.

இன்ஜெக்டர் அளவுக்கு ஊகம் வேண்டாம், கணக்கு இருக்கிறது. 130 குதிரைத்திறனுக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.5 பவுண்டு பெட்ரோல் என்றால் 65 பவுண்டு. நான்கால் வகுத்து, 80 விழுக்காட்டு டியூட்டியில் (நேரத்தில் 80 விழுக்காடு மட்டுமே திறந்திருக்கும்படி) நிறுத்தினால் ஒரு இன்ஜெக்டருக்கு மணிக்கு 20 பவுண்டு சொச்சம், அதாவது நிமிடத்துக்கு 215 சி.சி. அளவு. 240 சி.சி. வாங்கினால் போதும். 440 சி.சி. டர்போ இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் ஐட்லிங்கில் திறந்திருக்கும் நேரம் மிகச் சுருங்கி, இன்ஜெக்டர் திறக்கவே எடுத்துக்கொள்ளும் ஒரு மில்லிசெகண்டோடு மோதும், ஐட்லிங் ஆடும். 12 முதல் 16 ஓம் வரையிலான ஹை-இம்பிடன்ஸ் வகையாகப் பாருங்கள். மைக்ரோஸ்குவிர்ட்டுக்கு இரண்டே இன்ஜெக்டர் சேனல். ஒவ்வொன்றிலும் இரண்டு இன்ஜெக்டர். லோ-இம்பிடன்ஸ் என்றால் ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும், சூடாகும் பொருள் இன்னொன்று எதற்கு?

240 சி.சி.க்கு, 3 பார் அழுத்தத்தில், ஈ.சி.யூ.வை அமைக்கும் மடிக்கணினி மென்பொருளான ட்யூனர்ஸ்டூடியோ கேட்கும் 'ரிக்வயர்ட் ஃபியூயல்' (ஒரு முறைக்கு இன்ஜெக்டர் திறக்க வேண்டிய அடிப்படை நேரம்) 16 மில்லிசெகண்டுக்கு அருகில் வர வேண்டும். 8 என்றோ 32 என்றோ வந்தால் இன்ஜெக்டர் எண்ணிக்கையையோ கொள்ளளவையோ தவறாகப் போட்டிருக்கிறீர்கள்.

இனிமேல்தான் படகு வேலை. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் மெக்கானிக்கல் பம்பு 0.2, 0.3 பார்தான் தரும். அதில் கசிவு வந்தால் சொட்டும். 3 பாரில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பனிபோலத் தூவும். மூடிய இன்ஜின் பெட்டிக்குள் தூவிய பெட்ரோல் ஆவி அடியில் போய்த் தங்கும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கார் மெக்கானிக் போர்மேனுக்கு இந்தப் பயம் இருக்காது. காரின் அடியில் காற்று அடித்துக்கொண்டு போகும்.

ஆகவே உயர் அழுத்தப் பகுதியை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியிலிருந்து ஆன்டி-சைஃபன் வால்வு (குழாய் அறுந்தால் பெட்ரோல் தானாக வழியாமல் தடுப்பது), அதன்பின் 10 மைக்ரான் நீர்ப்பிரிப்பு ஃபில்டர், அதன்பின் தாழ் அழுத்த பம்பு, இதுவரை ஐ.எஸ்.ஓ. 7840 ஏ1 அல்லது எஸ்.ஏ.இ. ஜே1527 ஏ1-15 என்று மேலே அச்சிட்ட ஹோஸ். பிறகு இன்ஜினில் பூட்டிய வேப்பர் செப்பரேட்டர் தொட்டி, பெட்ரோலிலிருந்து ஆவியைப் பிரிக்கும் சின்னத் தொட்டி. அதிலிருந்து உயர் அழுத்த பம்பு, ரெயில், ரெகுலேட்டர். ரெகுலேட்டரின் திரும்பும் குழாய் படகின் தொட்டிக்கு அல்ல, மறுபடி அந்தச் சின்னத் தொட்டிக்கே. படகின் நீளம் முழுக்க ரிட்டர்ன் லைன் இழுப்பது காரிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். கசிய இன்னும் பத்து இடம் கொடுப்பதைத் தவிர அதில் பயன் இல்லை. செப்பரேட்டரின் காற்றுக்குழாய் இன்டேக்குக்குள் போக வேண்டும், இன்ஜின் பெட்டிக்குள் திறந்து விடக் கூடாது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி பம்பு இன்ஜின் மேலோ அதிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும் என்கிறது. மின்பம்பு இன்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் ஆகும்போதும் மட்டுமே ஓட வேண்டும் என்றும் சொல்கிறது. எந்தக் கொடி பறக்கும் படகானாலும் இதைப் பின்பற்றுவது நல்லது. இரண்டாவதை மைக்ரோஸ்குவிர்ட் தானே பார்த்துக்கொள்ளும்: சாவி போட்டதும் ஓரிரு விநாடி பம்பு ஓடி நிற்கும், இன்ஜின் சுழலும் சிக்னல் வந்தால்தான் மீண்டும் ஓடும். சிலர் பம்பை சாவிக்கே நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். அதைவிட இன்ஜெக்ஷனே போடாமல் இருக்கலாம்.

செப்பரேட்டரைப் புதிதாக வெல்டிங் செய்வதைவிட, இன்ஜெக்ஷன் வகை அவுட்போர்டின் வி.எஸ்.டி. எனப்படும் அதே செப்பரேட்டர் தொட்டியைத் தேடுவது புத்திசாலித்தனம். யமஹா எஃப்115 போன்றவற்றில் ஃப்ளோட், உயர் அழுத்த பம்பு எல்லாம் ஒரே கிண்ணத்தில், உப்புக் காற்றுக்கென்றே செய்தது. வாங்கும் முன் பம்பின் ஓட்டத்தை அளந்து பாருங்கள். இந்த இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர் குடிக்கும். 3 பாரில் மணிக்கு 60 லிட்டராவது தள்ள வேண்டும். அளவுக் குவளையில் ஒரு நிமிடம் விட்டால் ஒரு லிட்டர். அதுதான் தேர்வு. இதை வெளியில், பேட்டரியைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

உயர் அழுத்தப் பகுதியில் திருகு கிளிப் கூடாது. எஃகுக் குழாய், அல்லது முனை அழுத்திப் பூட்டிய பி.டி.எஃப்.இ. ஹோஸ். முடிந்ததும் பற்றவைப்பைத் துண்டித்து, மூடியைத் திறந்து வைத்து, ரிலேயைத் தாண்டிப் பம்பைப் பத்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் டிஷ்யூவில் தெரியும். திராட்டிலின் வாயில் காரின் ஏர் ஃபில்டரை மாட்டக் கூடாது, எஸ்.ஏ.இ. ஜே1928 அல்லது யூ.எல். 1111 முத்திரை உள்ள ஃப்ளேம் அரெஸ்டர் (தீச்சுடர் வெளியே வராமல் தடுப்பது)தான். காரின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எதுவும் உள்ளே வரக் கூடாது. ஸ்டார்ட்டுக்கு முன், ஆவியை வெளியேற்றும் புளோயர் நான்கு நிமிடம் ஓட வேண்டும்.

பெட்டியின் குறை இங்கேதான் தெரிகிறது. தீப்பற்றாப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 8846, எஸ்.ஏ.இ. ஜே1171 சான்று இதற்குக் கிடையாது. ரிலேக்களுக்கும் அப்படியே. ஆகவே இரண்டையும் இன்ஜின் பெட்டிக்கு வெளியே, தடுப்புச்சுவருக்கு இந்தப் பக்கம் வைக்க வேண்டும். எட்டடி ஹார்னஸோடு வாங்கினால் பெரும்பாலான படகுகளில் எட்டிவிடும். குட்டை ஹார்னஸை வாங்கி ஒட்டுப்போடாதீர்கள். இணைப்பி கீழ் நோக்கி இருக்கட்டும், வயர் ஒரு வளைவு இறங்கி ஏறட்டும், பயன்படாத துளைகளுக்கு அடைப்பான் போடுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பு வயர், உள்ளே பசை உள்ள ஹீட்-ஷ்ரிங்க். வெறும் செப்பு வயர் உப்புக்காற்றில் கறுத்துப்போக அதிக நாள் எடுக்காது.

மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, ரிலே வழியாக வர வேண்டும். சாவி அந்த ரிலேயை எழுப்ப மட்டும். பழைய படகில் டேஷ்போர்டு வரை போய்த் திரும்பும் வயரில் ஸ்டார்ட்டர் சுழலும்போது வோல்டேஜ் விழுந்து, ஈ.சி.யூ. ரீசெட் ஆகும். "சுத்துது, பத்தல" என்ற புகாரில் முதலில் மீட்டரை வைக்க வேண்டிய இடம் இது. பம்புக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ், இன்ஜெக்டர்களுக்கு 5. சென்சார் எர்த் எல்லாம் ஈ.சி.யூ.வுக்குத் திரும்ப வேண்டும். பவர் எர்த் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில். இரண்டையும் கலந்தால் ஸ்டார்ட்டர் சுழலும்போது வெப்பநிலை ஏறி இறங்குவதாகக் காட்டும்.

மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பெட்டிக்குள் கிடையாது. ஜி.எம். 1 பார் சென்சார் ஒன்று தனியாக வாங்க வேண்டும். மேனிஃபோல்டைவிட உயரத்தில் பூட்டி, குழாய் கீழ்நோக்கி இறங்கும்படி விடுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் உள்ளே தேங்கி அளவு மந்தமாகும். டர்போ இல்லாத படகுக்கு 2.5 பார் சென்சார் வாங்குவது அளவுகோலின் பாதியை வீணாக்குவது.

பற்றவைப்பையும் சேர்த்தே மாற்றலாமா என்ற கேள்வி வரும். மைக்ரோஸ்குவிர்ட்டின் மூன்றாம் பதிப்பில் இரண்டு ஸ்பார்க் வெளியீடு உண்டு. அவை லாஜிக் சிக்னல்தான். காயிலை நேரடியாக ஓட்டாது, இக்னைட்டர் வேண்டும். கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), அதைப் படிக்கும் காந்த வகை வி.ஆர். சென்சார், 0.8 முதல் 1 மி.மீ. இடைவெளி, 1-4, 2-3 என்று ஜோடி காயில். சென்சாரின் இரண்டு வயர் மாறினால் ஐட்லிங்கில் ஓடும், வேகம் ஏறியதும் சிங்க் தவறும். எல்லாம் செய்யலாம். ஆனால் முதல் கட்டத்தில் வேண்டாம் என்பதே நமது கருத்து. மரீன் டிஸ்ட்ரிபியூட்டர் தீப்பாதுகாப்போடு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. காயிலின் நெகட்டிவிலிருந்து ஆப்டோ உள்ளீட்டுக்கு ஒரு வயர் கொடுத்து, எரிபொருளை மட்டும் ஈ.சி.யூ.விடம் விடுங்கள். மடிக்கணினியில் பதிவாகும் லாகில் ஆர்.பி.எம். திடீர் திடீரென இரட்டிப்பாகத் தாவினால் அது காயிலின் இரைச்சல். ட்யூனில் கை வைக்காமல் முதலில் அதை வடிகட்டுங்கள். எரிபொருள் சரியான பிறகு பற்றவைப்புக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு எதில் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

வெப்பநிலை சென்சார்களை அளவிட்டுப் போடுங்கள். போஷ் சென்சார் 0 டிகிரியில் 5.9 கிலோஓம், 20-இல் 2.5 கிலோஓம், 100-இல் 187 ஓம். ஜி.எம். சென்சாரின் வளைவு வேறு. ஐஸ் தண்ணீர், அறை வெப்பம், கொதிநீர் மூன்றிலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ட்யூனர்ஸ்டூடியோவில் எழுதுங்கள்.

காரில் ட்யூன் செய்தே பழகியவர்கள் தவறவிடும் ஒன்று இதோ. கடல்நீர் நேரடியாகக் குளிர்விக்கும் இன்ஜினில் உப்புப் படியாமலிருக்க தெர்மோஸ்டாட் 60 டிகிரி அளவில் இருக்கும். வார்ம்-அப் அட்டவணையோ 71 டிகிரியில்தான் கூடுதல் பெட்ரோலை நிறுத்தும்படி வருகிறது. அப்படியே விட்டால் இன்ஜின் ஆயுள் முழுக்க "இன்னும் சூடாகவில்லை" என்றே ஈ.சி.யூ. நம்பும். பிளக் கறுக்கும், எண்ணெயில் பெட்ரோல் வாடை வரும். கடைசிக் கட்டத்தை 55 டிகிரிக்கு இறக்குங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள இன்ஜின் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

வெளிக்காற்றின் அழுத்தத்துக்கேற்பத் திருத்தும் பாரோமெட்ரிக் கரெக்ஷன் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கேமரன் மலை ஏறும் காருக்குத்தான் அது.

எக்ஸாஸ்டில் காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் பெரிய தலைவலி. படகின் எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கிறது. ஐட்லிங்கில் அந்த ஈரம் பின்னோக்கி வரும். சூடான போஷ் எல்.எஸ்.யூ. 4.9 மேல் ஒரு துளி பட்டால் பீங்கான் வெடித்துவிடும். தண்ணீர்ச் சட்டை உள்ள மேனிஃபோல்டில் துளையிடவும் முடியாது. எல்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் தகடு செய்து, அதில் சென்சார் பூட்ட எம்18×1.5 திருகுத்துளை (பங்), சென்சார் முனை கீழ்நோக்கிச் சாய்ந்தபடி. ட்யூன் முடிந்ததும் கழற்றி அடைப்பான் போடுங்கள். நிரந்தரமாக விட்டு, குளோஸ்டு லூப்பில் (சென்சார் சொல்வதற்கேற்ப ஈ.சி.யூ. தானே பெட்ரோலை மாற்றும்படி) ஓட்டினால், சென்சார் சாகும் நாளில் தப்பான அளவைச் சொல்லிக்கொண்டே சாகும். ஈ.சி.யூ. அதை நம்பி பெட்ரோலைக் குறைக்கும், பிஸ்டன் உருகும்.

ட்யூனிங்குக்கு இருவர் வேண்டும், ஒருவர் ஸ்டீயரிங்கில், ஒருவர் மடிக்கணினியில். மைக்ரோஸ்குவிர்ட் பழைய சீரியல் வழியில் பேசுகிறது, நல்ல எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ள யூ.எஸ்.பி. அடாப்டர் வாங்குங்கள். இன்ஜின் இரைச்சலில் மலிவு அடாப்டர் தொடர்பை அறுத்துக்கொண்டே இருக்கும். தானாகத் திருத்தும் வசதிக்கு ட்யூனர்ஸ்டூடியோவைக் காசு கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் அது வீண் செலவில்லை.

ஜெரெஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவே அலை குறைந்த காலை நேரம் தோதானது. 1000 ஆர்.பி.எம்.-இல் தொடங்கி 500, 500-ஆக ஏற்றி, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நிலையாக ஓட்டுங்கள். படகில் வேகத்துக்கும் சுமைக்கும் ஒரே கோடுதான். வேகம், சுமை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் அட்டவணையில் ஒரு சாய்ந்த பட்டை மட்டும் நிறையும், மற்ற கட்டங்களைத் தொடவே மாட்டீர்கள். அவற்றை வெறுமையாக விடாமல் தாராளமாக நிரப்புங்கள். நம் கடலில் மிதக்கும் வலைத்துண்டு புரொப்பெல்லரில் சுற்றினால் இன்ஜின் 2000-இல், மேனிஃபோல்ட் அழுத்தம் 95 கிலோபாஸ்கலுக்கு (கிட்டத்தட்ட முழுச் சுமைக்கு) போகும். ஒருபோதும் ட்யூன் செய்யாத அந்தக் கட்டத்தில் பெட்ரோல் குறைவாக இருந்தால் தட்டும். முழுச் சுமையில் 12.5, நடுத்தர ஓட்டத்தில் 13.5 என்ற காற்று-எரிபொருள் விகிதம் போதும். காரில் போல 14.7-ஐத் துரத்தாதீர்கள், கார் விநாடிகளுக்குத்தான் முழுச் சுமையில் இருக்கும், படகு மணிக்கணக்கில் இருக்கும்.

பிளேனிங் ஏறும் கட்டம், 2500 முதல் 3000 வரை, தனியாக நேரம் கேட்கும். திராட்டிலை மெல்லத் தள்ளி அட்டவணையைச் சரிசெய்த பிறகே ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட்டைத் (திராட்டிலைத் திடீரெனத் தள்ளும்போது தரும் கூடுதல் பெட்ரோலை) தொடுங்கள். திராட்டிலை விட்டதும் பெட்ரோலை நிறுத்தும் 'ஓவர்ரன் ஃபியூயல் கட்' வசதியை அணைத்துவிடுங்கள். ஜெட்டியில் கியர் மாற்றும் நொடியில் இன்ஜின் நின்றால் அடுத்தவர் படகின் மேல்தான் போய் முட்டுவீர்கள். ரெவ் லிமிட் இன்ஜின் கையேடு சொல்லும் உச்சத்துக்கு 200, 300 மேலே இருக்கட்டும். முக்கா ஹெட் முனையைத் தாண்டினால் அலையில் புரொப்பெல்லர் வெளியே வரும், இன்ஜின் திடீரென வேகமெடுக்கும்.

காற்று வெப்ப சென்சாரை மேனிஃபோல்டில் பூட்டாதீர்கள், ஃப்ளேம் அரெஸ்டர் வாயருகே வையுங்கள். நின்ற இன்ஜினின் சூட்டை அது காற்றின் சூடென்று நம்பினால் பெட்ரோலைக் குறைத்துவிடும். கார்புரேட்டரில் இருந்த அதே சூட்டு ஸ்டார்ட் தொல்லை வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

வேலையைத் தொடங்கும் முன்பே காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். படகில் ஒரு பம்பு ரிலே, சில ஃபியூஸ், ஒரு மேப் சென்சார், கூடவே 560 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கட்டும். தண்ணீர் வெப்ப சென்சாரின் வயர் அறுந்தால் ஈ.சி.யூ.வுக்கு அது −40 டிகிரி. பெட்ரோலைக் கொட்டி இன்ஜினை மூழ்கடிக்கும். போஷ் வளைவில் 560 ஓம் என்பது 60 டிகிரிக்குச் சற்று மேல். பிளக்கில் அதைச் சொருகி ஜெட்டிக்கு வந்து சேரலாம்.